கரடியின் வயிற்றில் என் கை

நான் ஒரு சந்தேகப் பேர்வழி. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளமே தருகிறார்கள். கார் விபத்துக்குக் காப்புறுதிப் பணம் கேட்டு வருகிறவர்களை விசாரிப்பது என் வேலை. சிவப்பு விளக்கில் நின்ற காரைப் பின்னால் வந்த கார் சும்மா முத்தமிட்டிருக்கும். முன் காரில் இருந்தவர் ஒரு கிழமை கழித்துக் கழுத்தில் பட்டி கட்டிக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்து, "திரும்பவே ஏலாமல் கிடக்கு அண்ணை" என்பார். நான் அவருக்குப் பின்பக்கமாகப் போய்ப் பேனையைக் கீழே போடுவேன். அநேகமானவர்கள் சட்டென்று திரும்பிப் பார்ப்பார்கள். திரும்பாதவர்கள் மீது எனக்கு இன்னும் கூடுதலான சந்தேகம்.

வேலைத்தலத்தில் இது திறமை. வீட்டில் இது வியாதி என்பது என் மனைவி பவானியின் கருத்து. விருந்துக்கு வந்தவர் "சாப்பாடு நல்ல ருசி" என்று சொல்லிவிட்டுப் போனால், இவர் ஏன் வாசலில் நின்று இரண்டு தரம் சொன்னார் என்று நான் படுக்கையில் கிடந்து யோசிப்பேன். பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் வாசல் பனியையும் சேர்த்து வழித்துவிட்டார் என்றால், அவர் எங்கள் மரத்தில் எந்தக் கிளையை வெட்டத் திட்டமிடுகிறார் என்று போய்ப் பார்ப்பேன்.

இப்படிப்பட்டவனிடம்தான் ஒரு ஞாயிறு காலை, ஸ்காபரோவில் மில்லிக்கன் என்ற பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுச் சமையலறையில், என் ஒரே மகள் அபி வந்து நின்று, "அப்பா, நான் ஒராளை விரும்புறன்" என்றாள்.

"ஆர்?"

"கதிர்."

"ஆற்றை பிள்ளை?"

"உங்களுக்குத் தெரியாது. அவர் ஈரோடு."

யாழ்ப்பாணத்துப் பிள்ளையாக இருந்திருந்தால் இரண்டு தொலைபேசி அழைப்பில் பூட்டன் வரைக்கும் விசாரித்து முடித்திருப்பேன். ஸ்காபரோவில் யாருக்காவது யாரையாவது தெரிந்திருக்கும். ஈரோட்டில் எனக்கு ஒரு காக்காயைக்கூடத் தெரியாது. அந்த ஊரைத் தெரிந்தெடுத்ததிலேயே ஏதோ திட்டம் இருப்பதாக எனக்குப் பட்டது.

"என்ன வேலை?"

"கம்பியூட்டர்தான் அப்பா. கமராவுக்கு ஆக்களைப் பார்க்கப் பழக்கிறது. ஆர் சிரிக்கினம், ஆர் கோவமா இருக்கினம், ஆர் பொய்யாச் சிரிக்கினம் எண்டு அது கண்டுபிடிக்கும்."

நான் அந்தக் கடைசி வசனத்தை மனதில் குறித்துக்கொண்டேன்.

கதிருடைய பெற்றோர் மகனிடம் வந்து தங்கியிருந்தார்கள். எங்களைச் சந்திக்க விரும்பினார்கள். "வீட்டை வரச் சொல்லன்" என்றேன்.

"வீடு வேண்டாம்."

"ஏன் வேண்டாம்?"

"நீங்கள் விசாரணை வைப்பீங்கள். போனமுறை என்ர ஃபிரெண்ட் வந்தபோது அவளின்ர காரைச் சுத்திச் சுத்திப் பார்த்தனீங்கள்." (பின் பம்பரில் ஒரு நசுங்கல் இருந்தது. பார்க்காமல் எப்படி விடுவது?)

"அப்ப எங்க சந்திக்கிறது?"

"றிச்மண்ட் ஹில்லில ஒரு யப்பான் கஃபே. தீம் கஃபே. கதிர்தான் பிடிச்சவர். சரியான கியூட்."

"என்ன தீம்?"

"போய்ப் பாருங்கோவன். சேர்ப்பிரைஸ்."

காப்புறுதிக்காரனிடம் சொல்லக்கூடாத சொல் அது. அவள் மட்டும் அந்த இடத்தில் இரண்டு வசனம் விளக்கமாகச் சொல்லியிருந்தால், இந்தக் கட்டுரைக்குத் தேவையே வந்திராது.

பவானி இரவு எனக்குத் தனியாகப் பாடம் எடுத்தாள். "இஞ்சேருங்கோ, அண்டைக்கு நீங்கள் ஒண்டும் கேக்கப்படாது. சிரிச்சுக்கொண்டு இருங்கோ. அது காணும்."

"கமரா பொய்ச் சிரிப்பைக் கண்டுபிடிக்குமாம்."

"எந்தக் கமரா?"

நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.

சந்திப்பு ஒரு சனிக்கிழமை பின்னேரம். பனி கரைந்து, தெருவெல்லாம் சாம்பல்நிறச் சேறாகக் கிடந்த காலம். பவானியும் அபியும் தலைமுடி அலங்காரம் முடித்து, கேக் எடுத்துக்கொண்டு ஒரு காரில் வருவதாக ஏற்பாடு. நான் தனியாக என் காரில் போனேன். அதுவும் நேரத்துக்கு நல்ல முந்தியே போனேன். விபத்து நடந்த இடத்தை எதிர்த்தரப்பு வரமுதல் போய்ப் பார்ப்பது என் தொழிற்பழக்கம். (இங்கே இன்னும் விபத்து நடக்கவில்லை என்பதை நான் பெரிதாக எடுக்கவில்லை.)

ஒரு பிளாசாவில், பல்வைத்தியருக்கும் ரியூசன் நிலையத்துக்கும் நடுவில் இருந்தது அந்தக் கடை. பெயர்ப்பலகையில் பெயர் இல்லை. எதிரெதிரே உட்கார இரண்டு கதிரைகள் வரைந்திருந்தார்கள், ஒன்று பெரிது, ஒன்று சிறிது. பெயரை மறைத்து வியாபாரம் செய்கிறவர்கள் யார் என்று யோசித்துக்கொண்டே கதவைத் திறந்தேன். ஏப்ரன் கட்டிய யப்பானியப் பெண்மணி ஒருவர் வந்து குனிந்து வணங்கினார். கடையின் உரிமையாளர் அவர்தான் என்று பிறகு தெரிந்தது. என் சப்பாத்தைக் கழற்றச் சொல்லி, அதை ஒரு சிறிய பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, கரடிக் காது வைத்த ஒரு சோடிச் செருப்பைத் தந்தார். அவசரத்துக்கு ஓடவேண்டி வந்தால் இந்தக் காதுகளோடுதான் ஓடவேண்டும்.

"தனியாகவா வந்திருக்கிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் மெல்லக் கேட்டார்.

சாதாரணக் கேள்வி. ஆனால் என் தொழிலில் சாதாரணக் கேள்வி என்று ஒன்று கிடையாது. யார் யார் வருகிறார்கள், எத்தனை பேர், என்ன விசயம் என்பதை முன்பின் தெரியாத ஒருவரிடம் ஏன் சொல்லவேண்டும்?

"ஓம், தனியத்தான்" என்பதை ஆங்கிலத்தில் அழுத்திச் சொன்னேன்.

அந்தப் பெண்ணின் முகம் அப்படியே இளகிப்போனது. "கவலைப்படாதீர்கள்" என்றார். (நான் எப்போது கவலைப்பட்டேன்?) ஜன்னலோரத்து மேசையில் என்னை இருத்திவிட்டு உள்ளே போனவர், ஒரு கரடியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

பொம்மைக் கரடிதான். ஆனால் பத்து வயதுப் பிள்ளையின் உயரம். பச்சை நிறக் கம்பளி வெயிஸ்கோட் போட்டு, கழுத்தில் வண்ணத்துப்பூச்சி மாதிரி ஒரு போ-ரை கட்டியிருந்தது. அதை எனக்கு எதிரே இருந்த கதிரையில் பக்குவமாக இருத்தி, அதன் இரண்டு கையையும் மேசையில் எடுத்து வைத்து, "இவர் குமா" என்று அறிமுகம் செய்தார்.

யப்பானிய மொழியில் குமா என்றால் கரடி. இது இப்போது எனக்குத் தெரியும். அன்றைக்கு என் காதில் விழுந்தது குமார்.

யப்பான்காரி நடத்தும் கடையில், குமார் என்று ஒரு கரடி!

தனியாக வருகிறவர்கள் தனியே இருந்து சாப்பிடக்கூடாது என்று எதிரே ஒரு பொம்மையை இருத்துவதுதான் அந்தக் கடையின் தீம். யப்பானில் இப்படிக் கடைகள் உண்டாம். எனக்கு அது தெரியாது. நான் கடையைச் சுற்றிப் பார்த்தேன். ஒரு மூலையில் ஒரு மாணவி, பெரிய முயல் ஒன்றோடு கதைத்துக்கொண்டே பாடப்புத்தகம் வாசித்தாள். இன்னொரு மேசையில் வயதான சீனர் ஒருவர் பேப்பர் படித்தார். அவருக்கு எதிரே ஒரு பென்குயின் இருந்தது. பக்கத்தைப் புரட்டும்போதெல்லாம் அவர் பென்குயினைப் பார்த்துத் தலையசைத்தார். மூன்று மேசைகளில் மனிதர்கள், மூன்றுக்கும் எதிரே பொம்மைகள். இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறவர்கள் இருக்கலாம். நான் அந்த ரகம் இல்லை.

அப்போதுதான் அது என் கண்ணில் பட்டது. குமாரின் வெயிஸ்கோட்டுக்குக் கீழே, வயிற்று மயிருக்குள்ளே, ஒரு சின்னச் சிவப்பு வெளிச்சம். மின்னியது. அணைந்தது. மறுபடி மின்னியது.

என் மூளை வேலை செய்த வேகத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பெருமையாக இருக்கிறது. கடையைத் தெரிந்தெடுத்தவர் யார்? கதிர். கதிரின் வேலை என்ன? கமராவுக்கு ஆட்களைப் படிக்கப் பழக்குவது. நான் வந்ததும் தமிழ்ப் பெயருள்ள ஒரு கரடியைக் கொண்டுவந்து முகத்துக்கு நேரே வைக்கிறார்கள். அதன் வயிற்றில் சிவப்பு வெளிச்சம். ஈரோட்டுக் குடும்பம் எங்கேயோ ஒரு காருக்குள் இருந்துகொண்டு, பெண்ணின் தகப்பன் தனிமையில் எப்படிப்பட்டவன் என்று என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது!

முதலில் நான் பயப்படவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தேன். தலைமுடியைத் தடவிவிட்டேன். குமாரைப் பார்த்து உண்மையான சிரிப்பாகப் பார்த்து ஒன்று சிரித்தேன். பிறகு, பார்க்கிறார்கள், கேட்கவும் செய்வார்கள் என்ற எண்ணத்தில், கரடியை நோக்கித் தெளிவான தமிழில் பேசத் தொடங்கினேன்.

"எங்கட குடும்பம் அமைதியான குடும்பம். அபி சின்னனிலேயே நல்ல கெட்டிக்காரி. நான் பெரிசாக் கோவப்படுறதில்லை. மனிசியைக் கேட்டுப் பாருங்கோ."

கரடி கேட்டுக்கொண்டிருந்தது.

கடைக்காரப் பெண் எனக்கு ஒரு முட்டை ஆம்லெட் சோறு கொண்டுவந்தார். அதன்மேல் தக்காளி சோஸால் ஒரு முகம் வரைந்திருந்தது. குமாருக்கும் ஒரு சின்னக் கோப்பையில் தேநீர் வைத்தார். விருந்தினரைக் கவனிக்கத் தெரிந்த குடும்பம் என்று காட்டவேண்டுமே. நான் அந்தக் கோப்பையை எடுத்து, "குடியுங்கோ, ஆறப்போகுது" என்று கரடியின் வாயருகே கொண்டுபோய்ப் பிடித்தேன்.

மாணவி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து வந்தாள். கண் கலங்கியிருந்தது. தன்னுடைய பிஸ்கற்றை என் தட்டில் வைத்து, "கொஞ்ச நாளில் சரியாகிவிடும்" என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள். சீனக் கிழவர் பேப்பருக்கு மேலால் என்னைப் பார்த்து இரக்கமாகத் தலையசைத்தார். இவர்களும் அவர்களுடைய ஆட்கள்தான் என்று முடிவு கட்டினேன்.

தேநீர் கொடுத்தபோது கரடியைச் சற்று அசைத்துவிட்டேன் போலிருக்கிறது. சிவப்பு வெளிச்சம் இப்போது வேகமாக மின்னத் தொடங்கியது. அந்த இடத்தில்தான் என் நல்ல குணமெல்லாம் முடிந்து, தொழில் குணம் மேலே வந்தது. பெண் கேட்டு வருகிறவர்கள் பெண்ணின் தகப்பனைக் களவாகப் படம் பிடிப்பதா? ஆதாரத்தோடு பிடிக்கவேண்டும். இப்போதே பிடிக்கவேண்டும்.

கடைக்காரப் பெண் உள்ளே போன நேரம் பார்த்து எழுந்தேன். குமாரைத் தூக்கி மேசைமேல் குப்புறக் கிடத்தினேன். வெயிஸ்கோட்டை உயர்த்தினேன். முதுகில் இழுத்துத் திறக்கிற சிப் ஒன்று இருந்தது. இழுத்தேன், வரவில்லை. நூலில் இறுகியிருந்தது. கார்ச் சாவியால் நெம்பி, பல்லைக் கடித்துக்கொண்டு ஓர் இழுவை இழுத்தேன்.

டர்ர்ர்.

சிப் திறக்கவில்லை. கரடி திறந்துகொண்டது. முதுகின் தையல் கழுத்திலிருந்து கீழ்வரைக்கும் பிரிந்து, உள்ளேயிருந்த வெள்ளைப் பஞ்சு குபுகுபுவென்று ஆம்லெட்டின் மேல் கொட்டியது. இனிப் பின்வாங்க முடியாது. கையை உள்ளே விட்டேன். முழங்கை வரைக்கும் போனது. பஞ்சு, பஞ்சு, பஞ்சு. கடைசியில் விரல்நுனியில் கட்டியாக ஒன்று தட்டுப்பட்டது. பிடித்து இழுத்தேன்.

அது கத்தத் தொடங்கியது. பிளாசா முழுவதும் கேட்கும்படி, நெருப்பணைக்கும் வண்டியின் குட்டி மாதிரி ஒரு கூச்சல்.

அதே நேரத்தில் கடையின் கதவு திறந்தது.

அவர்களும் நேரத்தோடு வந்துவிட்டார்கள். கோயிலுக்குப் போய்விட்டு நேரே வந்திருந்தார்கள். முன்னால் பட்டுச்சேலையில் கதிரின் அம்மா, கையில் பழமும் வெற்றிலையும் பூவும் வைத்த தட்டு. பக்கத்தில் நெற்றி நிறைய விபூதியோடு கதிரின் அப்பா சண்முகம் ஐயா, மின்சார வாரியத்தில் பொறியியலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பின்னால் கதிர். அவர்களைக் கார்ப் பார்க்கில் சந்தித்துக் கூட்டிக்கொண்டு வந்த பவானி. கேக் பெட்டியோடு அபி. ஐந்து பேரும் கதவடியிலேயே நின்றுவிட்டார்கள்.

நான் கையை வெளியே எடுக்கப் பார்த்தேன். வரவில்லை. கையில் கட்டியிருந்த மணிக்கூட்டின் பட்டி உள்ளே எதிலேயோ கொழுவிக்கொண்டது. ஆனாலும் நான் அசரவில்லை. கரடியையும் சேர்த்து உயர்த்திக்கொண்டு, "பிடிச்சிட்டன்! உள்ளுக்குக் கமரா! தம்பி, இது உம்மட வேலைதானே?" என்றேன்.

கூச்சல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. உரிமையாளர் ஓடி வந்தார். குமாரைப் பார்த்தார். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு ஏப்ரன் பையிலிருந்து எதையோ எடுத்து அழுத்த, கூச்சல் நின்றது. அந்த அமைதி கூச்சலைவிட மோசமாக இருந்தது.

கதிர்தான் முதலில் வாய் திறந்தான். "அங்கிள்... அது கேமரா இல்லீங்க அங்கிள். பொம்மையைத் தூக்கிட்டுப் போயிடறாங்கன்னு வைக்கற அலாரம். துணிக்கடையில இருக்குமே, அதே மாதிரி."

ஏதாவது மரியாதையாகச் செய்து சமாளிக்கவேண்டும் என்று தோன்றியது. சம்பந்தியாக வரப்போகிறவரைப் பார்த்து வணக்கம் சொல்லக் கைகூப்பினேன். வலது கை போனபோது இடது கையும் போனது. இடது கையோடு குமாரும் போனார். நெஞ்சுக்கு நேரே நானும் கரடியுமாக வணங்கி நின்றோம். சண்முகம் ஐயா மிகவும் பண்பான மனிதர். எனக்கு ஒரு வணக்கம் சொன்னார். சற்றுத் தயங்கி, கரடிக்கும் ஒன்று சொன்னார்.

பிறகு மகனிடம் குனிந்து, "சார் இன்சூரன்ஸ்லதானே இருக்காருன்னு சொன்ன? கால்நடை டாக்டரா?" என்று கேட்டது எல்லோருக்கும் கேட்டது.

"இஞ்சேருங்கோ, கையை வெளியில எடுங்கோ" என்றாள் பவானி, பல்லுக்குள்ளால்.

"எடுக்க ஏலாது. மணிக்கூடு கொழுவிப்போச்சு."

அடுத்த கொஞ்ச நேரம் நடந்ததை நான் சுருக்கமாகச் சொல்கிறேன். கதிரின் அம்மா பழத்தட்டைச் சீனக் கிழவரின் மேசையில் வைத்துவிட்டு வந்து கரடியின் தலையைப் பிடித்தார். சண்முகம் ஐயா காலைப் பிடித்தார். பவானி என்னைப் பிடித்து இழுத்தாள். "மெதுவா இழுங்க, பாவம், கிழிஞ்சிரப் போகுது" என்று அந்த அம்மா பதறினார். அவர் பாவப்பட்டது என் கைக்கு இல்லை என்பது எனக்கு விளங்கியது. கை வந்தது. மணிக்கூடு உள்ளேயே தங்கிவிட்டது.

நிமிர்ந்து பார்த்தபோது அபியைக் காணவில்லை. கேக் பெட்டி மட்டும் கதவடியில் தரையில் இருந்தது.

வெளியே ஓடினேன். அவள் கார்ப் பார்க்கில், சேற்றுப்பனிக்குள் நின்று அழுதுகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். நான் கரடிக்காதுச் செருப்போடு போய்ப் பக்கத்தில் நின்றேன். குளிர்தண்ணீர் காலுறைக்குள் ஏறியது.

"நான் அவையளுக்கு என்ன சொல்லி வச்சனான் தெரியுமா?" என்றாள். "எங்கட அப்பா நோர்மல் எண்டு சொன்னனான்."

"அபி, அந்தச் சிவப்பு லைற்றைப் பார்த்தா ஆருக்கும் சந்தேகம் வரும்."

"ஒருத்தருக்கும் வராது அப்பா! உங்களுக்கு மட்டும்தான் வரும். உங்களுக்கு எல்லாரின்ர கழுத்துநோவும் பொய். கதிரை நீங்கள் ஒருநாள் பார்த்ததில்லை, ஒரு வார்த்தை கதைச்சதில்லை. அதுக்கு முந்தியே அவர் கள்ளன்."

கடைசியில் என் வாயில் வந்தது உண்மைதான். "என்ர ஒரே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகப்போறவனிலை சந்தேகப்படாமல், வேற ஆரிலையடி சந்தேகப்படுறது?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "அவர் என்னைக் கூட்டிக்கொண்டு போகேல்லை அப்பா. நான்தான் போறன். என்னிலையும் சந்தேகமா?"

இல்லை என்று தலையாட்டினேன். நான் யோசிக்காமல் பதில் சொன்ன கேள்வி அது ஒன்றுதான். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு என் காலைப் பார்த்தாள். சேற்றுக்குள் இரண்டு கரடிகள் தாழ்ந்துகொண்டிருந்தன. சிரிக்கக்கூடாது என்று எவ்வளவோ முயன்றாள். முடியவில்லை.

"உள்ளுக்குப் போய் என்ன செய்யப்போறீங்கள்?"

"மன்னிப்புக் கேக்கப்போறன்."

உள்ளே நான் எதிர்பார்த்தது மரண வீடு. நடந்துகொண்டிருந்ததோ வேறு. கரடி மேசையில் குப்புறக் கிடந்தது. பவானியும் கதிரின் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் நின்று பஞ்சை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்கள். தைக்க ஊசிநூல் இல்லை. கதிரின் அம்மா தன் தாலிச் சங்கிலியிலிருந்து ஊக்குகளைக் கழற்றித் தந்தார். பவானியும் தன்னுடைய தாலிக்கொடியில் கோத்திருந்த பின்களைக் கழற்றினாள்.

"நீங்களும் இதுலதான் மாட்டி வைப்பீங்களா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"ஓம் அக்கா. வேற எங்க வைக்கிறது?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்த சிரிப்பில், பவானி இனி என் பக்கம் இல்லை என்பது தெரிந்தது.

சண்முகம் ஐயா மட்டும் தள்ளி, ஜன்னலடியில் நின்றார். கையில் அந்த அலாரக் கட்டி. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அதைத் திருப்பித் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய், "ஐயா, மன்னிக்கவேணும்" என்று தொடங்கினேன்.

அவர் என்னைப் பேசவிடவில்லை. குரலைத் தாழ்த்தி, "சார், இதுல கேமரா இல்லைன்னு எங்க பையன் சொல்றான். நிச்சயமாத் தெரியுமுங்களா?" என்றார்.

நான் அவரை உற்றுப் பார்த்தேன். பகிடி இல்லை.

"இந்த ஓட்டை எதுக்குன்னு கேளுங்க" என்று காட்டினார். உண்மையிலேயே ஒரு பொட்டு ஓட்டை இருந்தது. இரண்டு பேரும் தலையை ஒட்டவைத்துப் பார்த்தோம்.

"சத்தம் வாறதுக்காக இருக்கும்" என்றேன்.

"இருக்கலாம்" என்றார், நம்பாமல். பிறகு இன்னும் தாழ்ந்த குரலில் சொன்னார்: "தப்பா நினைக்காதீங்க சார். நேத்து பையனைக் கூட்டிக்கிட்டு உங்க வீட்டுப் பக்கம் வந்து ஒரு சுத்து சுத்திப் பார்த்தோம். இறங்கலீங்க. வெளியில இருந்துதான். கோயில்லயும் ரெண்டு பேர்கிட்ட விசாரிச்சேன். பொண்ணோட அப்பா எப்படின்னு."

"என்ன சொன்னவை?"

"யாரையும் நம்பமாட்டாருன்னாங்க." அவர் முகத்தில் முதல் தடவையாக ஒரு சிரிப்பு வந்தது. "எனக்கு அப்பவே பிடிச்சுப்போச்சுங்க."

இந்தப் பூமியில் எனக்கென்று ஒரு ஆள் ஈரோட்டிலிருந்து விமானம் ஏறி வந்திருக்கிறார்! முந்தின நாள் எங்கள் தெருவில் மெதுவாகப் போன வெள்ளிநிறக் காரை நான் கவனித்ததையும், இலக்கத்தகட்டைப் படம் எடுத்து வைத்திருந்ததையும் அவரிடம் சொன்னேன். "அப்படித்தான் இருக்கணும் சார்" என்று என் தோளில் தட்டினார்.

கடைக்காரப் பெண்ணிடம் போய், நடந்த சேதத்தை முழுதாக ஈடுசெய்வதாகச் சொன்னேன். அவர் தலையாட்டினார். அது பரவாயில்லை, ஆனால் இந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு, காயப்படுத்தியவர் காயப்பட்டவரிடம் நேரே மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றார். முகத்தில் ஒரு துளிச் சிரிப்பு இல்லை. (அப்படி ஒரு வழக்கம் உண்மையில் இருந்ததா, அல்லது அந்த நிமிடத்தில் உண்டாக்கினாரா என்று நான் இன்றைக்கும் யோசிப்பதுண்டு.)

குமாரை மறுபடி கதிரையில் இருத்தினார்கள். முதுகில் இரண்டு குடும்பத்து ஊக்குகளும் மினுங்கின. நான் முன்னால் போய் நின்றேன். மாணவி முயலை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். சீனக் கிழவர் பேப்பரை மடித்து வைத்தார், பென்குயினையும் எங்கள் பக்கம் திருப்பிவிட்டார்.

"குமார்" என்றேன். "தெரியாமல் செய்துபோட்டன். மனசிலை வச்சிருக்காதையும்." இடுப்பு வளையக் குனிந்தேன்.

நிமிர்ந்தபோது கதிர் தன் தொலைபேசியை உயர்த்திப் பிடித்திருந்தான். ஆக, அன்றைக்கு அந்தக் கடைக்குள் என்னைப் படம்பிடித்த கமரா ஒன்று இருக்கத்தான் செய்தது. தேடிய இடம்தான் பிழை.

அடுத்த கோடையில் கல்யாணம் நடந்தது. வரவேற்பு மண்டபத்தின் பெரிய திரையில், மாப்பிள்ளையினதும் பெண்ணினதும் சிறுவயதுப் படங்களுக்கு நடுவே அந்தக் காட்சியும் ஓடியது. எனக்குத் தெரியாத ஆட்களெல்லாம் சாப்பாட்டு வரிசையில் வந்து, "குமார் எப்பிடி இருக்கிறார்?" என்று விசாரித்தார்கள். சண்முகம் ஐயா ஈரோட்டுக்குத் திரும்பிப் போனாலும், ஞாயிறு தவறாமல் அழைப்பார். "சார், ஒரு விஷயம் இடிக்குதுங்க" என்று தொடங்குவார். பால்காரர், எதிர்வீட்டுக்குப் புதிதாக வந்த குடித்தனம், தெருமுனையில் காரணமில்லாமல் தோண்டிய குழி என்று எல்லாவற்றையும் நாங்கள் இருவரும் ஆற அமரச் சந்தேகப்படுவோம். அந்த நேரத்தில் இரண்டு வீட்டுப் பெண்களும் எங்களைக் கிட்ட அண்டுவதில்லை.

இப்போது அபியும் கதிரும் ஒஷாவாவில் வீடு வாங்கியிருக்கிறார்கள். பேத்திக்கு மூன்று வயது. நாங்கள் வாசல் மணியை அடித்தால் கதவு உடனே திறக்காது. உள்ளே சின்னக் கால்கள் அங்குமிங்கும் ஓடும் சத்தம் கேட்கும். கதவு திறந்து உள்ளே போனால், வீட்டில் ஒரு பொம்மையும் கண்ணில் படாது. யானை, நாய், முயல், கரடி எல்லாம் அழுக்குத் துணிக்கூடைக்குள் போயிருக்கும். மேலே ஒரு துவாய். துவாய்க்கு மேலே என் பேத்தி ஏறி உட்கார்ந்திருப்பாள்.

"அம்மப்பா, எல்லாரும் நித்திரை. தொடப்படாது" என்பாள்.

போன கிழமை நான் கேட்டுவிட்டேன். "உப்பிடி ஒளிச்சு வைக்கச் சொல்லி உமக்கு ஆர் சொல்லித் தந்தது?" பிள்ளை துவாயை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அபி தனக்கு ஒன்றும் தெரியாது என்றாள். கதிர் சத்தியம் பண்ணினான். அந்த நேரம் பார்த்துச் சண்முகம் ஐயா வீடியோ அழைப்பில் இருந்தார். நான் அவர் பக்கம் திரும்பியதும், "சார், லைன் சரியாக் கேக்கலீங்க" என்று அழைப்பை வெட்டிவிட்டார்.

லைன் நன்றாகத்தான் இருந்தது.